சிறுக்கும் புள்ளி

செத்த சதை அசையாது. ஒரு வாரம் மருந்தில் ஊறி, கண்ணாடித் தகட்டில் ஒட்டப்பட்ட துணுக்கு அசையவே கூடாது. ஆனால் லேசர் பட்டதும் அது சுருங்கியதை அவள் கணினித் திரையில் பார்த்தாள். அது அவள் தம்பியின் தோளில் வெட்டியெடுத்த சதை.

மேஜை ஆடியிருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். கறுப்புத் துணி தொங்கும் அந்த நுண்ணோக்கி அறையில் பகலும் இருட்டுதான். ஏசியின் உறுமலும், சூடேறிய தூசியின் வாடையும், லென்ஸில் தடவிய எண்ணெயின் பிசுபிசுப்பும் தவிர அவளுக்கு வேறு துணையில்லை. தம்பியைத் தின்கிற நோய் எதுவென்று தெரியாமல் டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். இந்தக் கருவியும் கைவிட்டால் எங்கே போவாள்?

நீல லேசர் புள்ளி பெரிதாக இருந்தது. அதைவிடச் சிறியது எதுவானாலும் வெறும் மங்கலாகத்தான் தெரியும். குமிழைத் திருகி, ஒளிக்கற்றையை லென்ஸின் வாய் நிறைய விரித்தாள். கற்றை விரிய விரிய, அது குவியும் புள்ளி சிறுக்கும். புள்ளி சிறுத்தது. அத்தனை வெளிச்சமும் ஒரே இடத்தில் குவிந்தது. திரையில் பச்சை மங்கல் பிரிந்து தெளிந்தது. செல்களுக்கு நடுவே ஏதோ ஒன்று மெல்லத் திரும்பியது.

கைபேசி அதிர்ந்தது. மருத்துவமனையிலிருந்து தம்பி.

"அக்கா, தோள்ல சூடா ஏதோ குத்துதுக்கா."

"எப்போலருந்துடா?"

"இப்பதான். அங்க உக்காந்துக்கிட்டு என்னைச் சுடுறியா?" என்று சிரித்தான்.

குமிழிலிருந்து கையை எடுத்தாள். நிறுத்திவிடலாம். ஆனால் புள்ளி இன்னும் கொஞ்சம் சிறுத்தால் அது என்னவென்று தெரிந்துவிடும். அவன் பிழைத்துவிடுவான். ஐயோ, கொஞ்சம்தானே!

திருகினாள்.

"அக்கா! எரியுதுக்கா! ஐயோ!"

லேசரை அணைத்தாள். அதன் சாவியைப் பிடுங்கினாள். கருவியின் விசிறி நின்றது. அலறல் நிற்கவில்லை. திரையில், செல்களுக்கு நடுவே அது இன்னும் ஒளிர்ந்தது. அவளையே பார்த்தது.

"அவனை விட்டுடு," கைகூப்பி அழுதாள். "சின்னப் பையன். என்ன வேணும்னாலும் என்னைப் பண்ணிக்கோ. அவனை விட்டுடு!"

அலறல் நின்றது.

"போயிடுச்சுக்கா," தம்பி விம்மினான். "சுத்தமா வலியே இல்ல. என்னக்கா பண்ணே?"

அவள் குனிந்து பார்த்தாள். சாவியை இறுகப் பிடித்திருந்த அவளுடைய புறங்கையில் ஒரு நீல வட்டம் விழுந்திருந்தது. காசளவு.

பொத்தானளவு.

மிளகளவு.

யாரோ பொறுமையாகத் திருகிக்கொண்டிருந்தார்கள்.