கறுத்துக் கிடந்த கண்ணாடி

கண்ணாடியின் முதுகில் இரண்டு கொக்கு, ஒரு ஆமை, ஊசி இலை மரம் ஒன்று. அவ்வளவுதான். சின்னத்தாயி விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டாள். ஆனால் வாசல் வெயிலை அதன் முகத்தில் வாங்கிச் சுவரில் அடித்தபோது, முதுகுச் சித்திரம் அப்படியே வெளிச்சத்தில் தெரிந்தது. மரத்தடியில் ஒரு ஆளும் உட்கார்ந்திருந்தான்.

எல்லாம் பொங்கலுக்குப் பாத்திரம் விளக்கியபோது செய்த வேலை. ஏழு வருஷமாகத் தகரப்பெட்டியில் கிடந்து கறுத்துப்போயிருந்த ஜப்பான்காரன் கைக்கண்ணாடியை, வெண்கலம்தானே என்று புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டாள். யுத்தத்தில் ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலையிலிருந்து புருஷன் வீரபாண்டி கொண்டுவந்த ஒரே பொருள் அது. கொக்கும் ஆமையும் நீண்ட ஆயுசுக்கு அடையாளம் என்று வந்த புதிதில் சொன்னான். தேய்க்கக்கூடாது என்றும் சொன்னான். பாத்திரத்தைப் பற்றி ஆம்பிளைக்கு என்ன தெரியும் என்று இவள்தான் சிரித்தாள்.

தேவிகுளம் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லயத்து வீட்டு வாசல் வெயிலைப் பார்க்கக் கிடைக்கும். அடுத்த ஞாயிறு மகள் செண்பகம் காய்ச்சலோடு பாயில் படுத்துக்கொண்டே கண்ணாடியைத் திருப்பி விளையாடினாள். ஈரக் கம்பளியும் அடுப்புப் புகையும் மணக்கும் அந்த அறைச் சுவரில் வெளிச்சம் ஆடி ஆடி நின்றது. அந்த ஆள் எழுந்து நின்றிருந்தான். ஒரு கை பாய்ப் பக்கம் நீண்டிருந்தது.

சின்னத்தாயி அடுப்பை விட்டு எழுந்தாள். கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்த வீரபாண்டியிடம் ஓடினாள்.

"ஏங்க, இது யாரோடது? உள்ளதைச் சொல்லுங்க."

அவன் பளபளப்பைப் பார்த்தான். முகம் செத்துப்போனது.

"மரத்தடியில காச்சல்ல கெடந்தான், ஒரு சப்பான்காரன். செத்துட்டான்னு நெனச்சு கையிலேர்ந்து உருவுனேன். கண்ணைத் தொறந்து தண்ணி கேட்டாண்டி. நான் ஓடியாந்துட்டேன்."

"திரும்பக் கறுக்க விட்டா?"

"ஏழு வருசம் ஆச்சே, அது கறுக்க."

அதற்குமேல் அவள் நிற்கவில்லை. தேயிலைச் செடிகள் சேலையைக் கிழிக்க ஓடினாள். யாராலும் இறங்க முடியாத பள்ளத்தில் கண்ணாடியை வீசினாள். கீழே வெகுநேரம் கழித்து ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அப்பாடா, பிள்ளை தப்பித்தாள் என்று மூச்சு விட்டாள்.

திரும்பி வருவதற்குள் பனி இறங்கி லயத்தை மூடிவிட்டது. வீரபாண்டி படியிலேயே இருந்தான். யாரும் உள்ளே போகவில்லை, வெளியே வரவில்லை என்றான்.

உள்ளே இருட்டு. வெயில் இல்லை. கண்ணாடி இல்லை.

சுவரில் மட்டும் வெளிச்சம்.

இரண்டு கொக்கு. ஆமை. மரம். அந்த ஆள் இல்லை.

மரத்தடியில் இரட்டைச் சடையோடு செண்பகம் உட்கார்ந்திருந்தாள்.

சின்னத்தாயி சுவரைத் தடவினாள். வெறும் சுண்ணாம்பு. பிராண்டினாள். நகம் பெயர்ந்தது.

பின்னால், பாயில், மகளுடைய கம்பளி நடுங்கியது. ஆறு வயசுப் பிள்ளையின் கம்பளிக்கு வெளியே இரண்டு நீளமான கால்கள். முழங்கால்வரை சேறு.

கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை, விரல்களைக் குவித்துக்கொண்டு, தண்ணீருக்காக நீண்டது.