ஐந்து நிமிடத்தில் இரண்டாம் நம்பர் வீடு

வந்தவள் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தாள். நகராட்சித் தரவுப் பிரிவில் கணினியில் விவரம் ஏற்றுகிறவள். மறுநாள் விசாரணை. வேலை போகும், போலீஸ் புகாரும் வரும் என்று மிரட்டியிருந்தார்கள்.

"நான் எதையும் மாத்தலை சார்," என்றாள். "வடிகால் மானியத்துக்குக் கணக்கு அனுப்பக் கடைசி நாள். திட்ட அதிகாரி ஒரு துண்டுச் சீட்டு குடுத்தாரு. ஏழாம் வார்டு நீளத்தெரு, வெள்ளம் புகுற வீடு பூஜ்யம்னு இருந்துச்சு. ஏத்தினேன். சீட்டை அவரே வாங்கிக்கிட்டாரு. மானியம் வேற வார்டுக்குப் போயிடுச்சு. போன மாசம் கால்வாய் பொங்கி, வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. சனங்க கூச்சல் போட்டதும் அவரு, அப்பவே வீடு வீடா கணக்கெடுத்ததுன்னு இருநூறு படிவத்தைக் கொண்டாந்து, நான்தான் அதைப் பூஜ்யமா மாத்திட்டேன்னு சொல்றாரு."

ஓய்வுபெற்ற தணிக்கைக்காரர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மைத்துனர், முன்னாள் பஸ் கண்டக்டர், துடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், இதுல பெரிய கும்பலே இருக்கு!"

"மாப்பிள்ளை, கும்பல் சேர்றதுக்கும் கொஞ்சம் சுறுசுறுப்பு வேணும்."

நகராட்சிக்குப் போனதும் கண்டக்டருக்கு அது புரிந்தது. அடடா, என்ன அலுவலகம்! திட்டப் பிரிவுக்கும் நிதிப் பிரிவுக்கும் நடுவே ஒரே ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். ஆனால் ஒரு தாள் அதைத் தாண்ட மூன்று வாரம் ஆகுமாம்.

"வரைபடம் அவங்க, பணம் நாங்க. பூஜ்யம்னு வந்துச்சு, பூஜ்யம் குடுத்தோம்," என்றார் நிதிக் கண்காணிப்பாளர். சொல்லிவிட்டு ஏதோ சாதித்தவர்போலத் தேநீரை உறிஞ்சினார்.

திட்ட அதிகாரி படிவக் கட்டைத் தூக்கிப் போட்டார். ஒன்றாம் நம்பர் வீடு, காலை ஒன்பது மணி. இரண்டாம் நம்பர், ஒன்பது ஐந்து. மூன்றாம் நம்பர், ஒன்பது பத்து. எல்லாம் வரிசையாக, ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தோடு இருந்தன.

"ஆள் கிடையாது. நானே தனியா வீடு வீடா ஏறி இறங்கினேன். செருப்பே தேஞ்சு போச்சு," என்றார்.

அவர் தலைக்குப் பின்னால் வார்டு வரைபடம் தொங்கியது. நீளத்தெரு ஒற்றைக் கோடு. இடப்பக்கம் ஒற்றைப்படை எண்கள், வலப்பக்கம் இரட்டைப்படை எண்கள். தணிக்கைக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்ததும், "மை புதுசா இருக்கு அத்தான், அதைச் சோதிக்கணும்," என்றார் கண்டக்டர்.

"வேணாம். விசாரணையைத் தெருவுல வெச்சா போதும்."

ஆணையர் ஒப்புக்கொண்டார். நியாய உணர்ச்சி ஒன்றும் பொங்கிவிடவில்லை. பத்திரிகைக்காரர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள் என்று தணிக்கைக்காரர் அவர் காதில் போட்டிருந்தார், அவ்வளவுதான்.

மறுநாள் ஒன்பது மணிக்கு எல்லோரும் ஒன்றாம் நம்பர் வாசலில் நின்றார்கள். அந்த வீட்டுப் பெண் சுவரில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குப் போன மாதிரியே ரெண்டாம் நம்பருக்கு நடந்து காட்டுங்க," என்றார் தணிக்கைக்காரர்.

திட்ட அதிகாரி அலட்சியமாகத் திரும்பினார். அடுத்த கதவில் மூன்று என்று இருந்தது. அதற்கடுத்து ஐந்து. எதிரே வீடே இல்லை; ஆளுயரத்துக்கு ஒரு சுவர்தான். அவர் சேறு சுரண்டுகிற பெண்ணிடம் திரும்பினார்.

"ஏம்மா, ரெண்டாம் நம்பர் எங்க?"

அந்தப் பெண் கரண்டியால் சுவருக்கு அப்பால் காட்டினாள். "கால்வாய்க்கு அந்தக் கரைல. கோடியில இருக்கற பாலத்தைச் சுத்திப் போகணும். கால் மணி நேரம் ஆகும். ஊருக்குப் புதுசா?"

கண்டக்டர் தொடையில் தட்டிக்கொண்டார். இருபத்தைந்து வருஷம் நேரச்சீட்டு பார்த்த மனிதர், இதைக் கோட்டை விட்டுவிட்டார்!

"நடந்தவன் ஒரு கரையை முடிச்சிட்டுத்தான் மறு கரைக்குப் போவான்," என்றார் தணிக்கைக்காரர். "ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போறது நாற்காலியில உட்கார்ந்து நடந்தவன். கால்வாய் நீர்ப் பிரிவோட சொத்து, அதனால திட்டப் பிரிவு அதை வரையவே இல்லை. அது இந்தத் தெரு நடுவுல ஓடறதே இவருக்குத் தெரியாது. கணக்கே எடுக்காம பூஜ்யம் குடுத்துட்டு, தண்ணி வந்தப்புறம் படிவத்தை எழுதியிருக்காரு. அன்னிக்கு இல்லாத படிவத்துலேர்ந்து இந்தப் பொண்ணு எதை மாத்தியிருக்க முடியும்?"

"வெள்ளத்துல அடையாளமெல்லாம் மாறி..." என்று இழுத்தார் அதிகாரி.

"கால்வாய் நேத்து வந்ததாய்யா?" என்றார் ஆணையர். பிறகு அவளிடம், "நாளைலேர்ந்து வேலைக்கு வாம்மா," என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்கே இருக்கேன் சார். வெத்துப் படிவம் குடுங்க."

ஒன்றாம் நம்பர் வீட்டுப் பெண் சொல்லச் சொல்ல, தண்ணீர் நின்ற அளவைச் சுவரில் பார்த்து எழுதினாள். எழுதி முடித்ததும், யாரையும் வழி கேட்காமல், மூன்றாம் நம்பர் கதவைத் தட்டினாள்.