செவ்வாய்க்கிழமை எடுத்த ரத்தம்

தஞ்சோங் பகாரில் ஒரு பழைய கடைவீட்டின் மூன்றாம் மாடியில் குணமணியின் அலுவலகம் இருந்தது. மின்தூக்கி கிடையாது. சின்னப் பிரச்சினைக்காரர்கள் இரண்டாம் மாடியிலேயே மனம் மாறித் திரும்பிவிடுவார்கள் என்பது கதிரேசனின் கட்சி. அன்று காலை வந்த டாக்டர் அகிலன் மூச்சு வாங்க மேலே ஏறி வந்ததோடு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் பேச ஆரம்பித்தார். பெரிய பிரச்சினைதான் என்று கதிரேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கதிரேசன் இருபத்தெட்டு வருஷம் பேருந்து ஓட்டியவர். இப்போது குணமணிக்குக் கார் ஓட்டுகிறார். கூடவே, யாரும் கேட்காமலேயே, துப்பும் துலக்குகிறார். குணமணி மனநல மருத்துவமனையில் முப்பது வருஷம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். மருத்துவ ஆய்வுகளில் ஏதாவது இடித்தால், வெளியாளாகப் போய்ப் பார்த்து உண்மையைச் சொல்வது அவர் வேலை. அதிகம் பேச மாட்டார். அந்தக் குறையைக் கதிரேசன் நிவர்த்தி செய்வார்.

"மார்பகப் புற்றுநோய்க்குப் புது மாத்திரை ஒண்ணு சோதிக்கிறோம்," என்றார் டாக்டர். "நாற்பது பெண்கள். முப்பத்தொன்பது பேருக்குக் கட்டி சுருங்குது. சரஸ்வதின்னு ஒருத்தருக்கு மட்டும் சுருங்கலை. ரத்தத்துல மருந்தே இல்லை."

"சாப்பிடலையோ என்னவோ," என்றார் கதிரேசன்.

"பாட்டில் மூடியில சிப் இருக்கு. தினமும் காலையில ஒரு தடவை திறந்திருக்காங்க. மிச்சத்தை எண்ணினாலும் கணக்குச் சரி. மாத்திரை போலியும் இல்லை. இந்த மருந்து சாப்பிட்டா எல்லாருக்கும் விரல் நுனித் தோல் உரியும். அவங்களுக்கும் உரிஞ்சிருக்கு, ஆனா லேசா." அவர் ஒரு தாளை நீட்டினார். "ஜூலை இருபத்தெட்டுல மருந்து ஆரம்பிச்சோம். நாலு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுப்போம். ஆகஸ்ட் இருபத்தஞ்சு, செப்டம்பர் இருபத்திரண்டு, ரெண்டு தடவையும் மருந்து நல்லா இருந்துச்சு. அக்டோபர் இருபத்தொண்ணு, நவம்பர் பதினெட்டு, டிசம்பர் பதினாறு, மூணு தடவையும் சுத்தமா இல்லை."

குணமணி தாளைப் பார்த்தார். "முதல் ரெண்டும் திங்கட்கிழமை. அப்புறம் செவ்வாய் ஆயிடுச்சே?"

"அக்டோபர் இருபது தீபாவளி, விடுமுறை. மறுநாள் வரச் சொன்னோம். அதுலேருந்து செவ்வாயாவே ஓடுது."

"இப்ப அவசரம் என்ன?"

"வர்ற திங்கட்கிழமை ஆய்வுக் குழு கூடுது. சரஸ்வதி மாத்திரையைத் தூக்கிப் போடுறாங்கன்னு முடிவானா பேரை எடுத்துடுவாங்க." டாக்டரின் குரல் தணிந்தது. "மத்த மருந்து எதுவும் அவங்களுக்குக் கேட்கலை. அவங்களுக்கு மிச்சமிருக்கிறது இது ஒண்ணுதான்."

"ரத்தம் எடுக்கிறது யாரு?" என்று பாய்ந்தார் கதிரேசன்.

"ரித்திக். தீபாவளி வாரத்துலதான் வேலைக்குச் சேர்ந்தான்."

கதிரேசன் குணமணியைப் பார்த்த பார்வையில் வெற்றிக்களிப்பு வழிந்தது. புது ஆள் வந்தான், மருந்து மாயமானது. இதற்கு மேல் துப்பறிய என்ன இருக்கிறது? குணமணி தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

ஆய்வுக்கூடத்தில் ரித்திக்கின் முகத்தைப் பார்த்ததும் கதிரேசனின் சந்தேகம் உறுதியானது. பையன் நடுங்கிக்கொண்டிருந்தான். குணமணி அவனிடம் முதலில் கேட்டது: "குழாய் மாறியிருக்குமா?"

"இல்ல ஆன்ட்டி, லேபிளை ரெண்டு தடவை செக் பண்ணுவேன் லா. மூணு குழாயையும் திரும்ப டெஸ்ட் பண்ணிட்டாங்க. பிளட் குரூப், மத்த ரிசல்ட் எல்லாம் அவங்களோடதுதான்." அவன் கண் கலங்கியது. "எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறாங்க."

"ரத்தம் எதுக்கு எடுக்கிறீங்கன்னு சரஸ்வதிக்குத் தெரியுமா?" என்றார் குணமணி.

"வெள்ளையணு பார்க்கன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. மருந்து அளவும் பார்ப்போம்னு ஃபார்ம்ல இருக்கு. ஆனா முப்பது பக்கம் ஃபார்ம், யாரு படிப்பா?"

அங்கிருந்து தேக்கா சந்தைக்குப் போனார்கள். மேல்மாடியில் சேலைக் கடைகளுக்கு நடுவே சரஸ்வதியின் தையல் கடை. தைத்து முடித்த ரவிக்கைகள் கம்பியில் வரிசையாகத் தொங்கின. சரஸ்வதிக்கு ஐம்பத்து நான்கு வயது. கட்டையான உடம்பு, கறாரான பார்வை. பக்கத்துத் தையல் மெஷினில் அவருடைய கணவரின் தங்கை அனிதா. அண்ணியும் நாத்தனாரும் சுவா சூ காங்கில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஒரே ரயிலில் வருகிறார்கள், ஒரே கடையில் தைக்கிறார்கள். இருந்தும் சண்டை இல்லை என்று கேட்டபோது கதிரேசனுக்கு நம்பிக்கை வரவில்லை.

இருவர் விரல்களிலும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஊசி குத்தியிருக்கும், பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

"நீங்களும் மருந்து எடுக்கிறீங்களா?" என்று குணமணி அனிதாவிடம் கேட்டார். அனிதா வாயைத் திறப்பதற்குள் சரஸ்வதி குறுக்கிட்டார். "அனிதா, கீழே போய் நாலு தே ஓ வாங்கிட்டு வா. சீனி கம்மியா."

அனிதா டீ வாங்கப் போனதும் சரஸ்வதி சொன்னார்: "அவளுக்கும் இதே சீக்குதான்க்கா. டாக்டர் அகிலன்கிட்டதான் போனோம். மருந்து கொடுக்கிறதுக்கு முன்னாடி மனசை ஆராய்ச்சி பண்றோம்னு ஒரு கேள்வித்தாள் கொடுத்தாங்க. அது வேற ஆராய்ச்சியாம். ஆளுமைக் கோளாறுன்னு எழுதிட்டாங்க. மருந்தை ஒழுங்கா எடுக்க மாட்டாளாம். சேர்த்துக்கலை."

"என்னைக்கு அந்தக் கேள்வித்தாள்?"

"ஆகஸ்ட் ஆறு. முந்தின நாள்தான் கடைசி கீமோ ஊசி. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரியில அவளுக்கு எந்த மருந்தும் கொடுக்கலை, காத்திருக்கோம். ராத்திரி முழுக்கத் தூங்காம அன்னைக்கு வந்தா. கேள்வி கேட்ட பிள்ளைகிட்ட சத்தம் போட்டா, சிரிச்சா, அழுதா. இருபது வருஷத்துல நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை."

"நீங்க மாத்திரையைத் தூக்கிப் போடுறீங்களா?"

சரஸ்வதி நேராகப் பார்த்தார். "சாமி சத்தியமா ஒரு மாத்திரையைக்கூட வீணாக்கலை."

காரில் ஏறியதும் கதிரேசன், "பொய் சொல்ற முகம் இல்லைக்கா. பையன்தான்," என்றார்.

"அவங்க சொன்னது அத்தனையும் உண்மைதான்," என்றார் குணமணி. "நாளைக்கு எல்லாரையும் டாக்டர் அறைக்கு வரச் சொல்லுங்க. அனிதாவும் வரணும்."

மறுநாள் டாக்டரின் அறையில் ஆறு பேருக்கு இடம் நெருக்கடியாகத்தான் இருந்தது. ரித்திக் சுவரோடு ஒட்டி நின்றான். குணமணி நாள்காட்டியை மேசைமேல் விரித்து வைத்தார்.

"கதிரேசன், பஸ் ஓட்டுறப்ப உங்களுக்கு ஒருநாள் வேலை, ஒருநாள் லீவுன்னு ரோஸ்டர் இருந்ததுன்னு வைங்க. இன்னைக்கு வேலைன்னா, நாலு வாரம் கழிச்சு என்ன?"

"இருபத்தெட்டு நாள். ரெட்டைப்படை. அன்னைக்கும் வேலைதான்."

"இருபத்தொன்பது நாள் கழிச்சு?"

"லீவு," என்ற கதிரேசன் அப்படியே வாயைப் பிளந்தார்.

"அதுதான் நடந்திருக்கு. சரஸ்வதி ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை எடுக்கிறாங்க. திங்கட்கிழமை ரத்தம் எடுத்த வரைக்கும் அது அவங்க சாப்பிடுற நாளாவே விழுந்தது. தீபாவளி விடுமுறை ஒருநாள் தள்ளினதும் சாப்பிடாத நாளுக்குப் போயிடுச்சு. இந்த மருந்து ஒரு நாளைக்கு மேல ரத்தத்துல தங்காது. அப்புறம் நாலு நாலு வாரமா சாப்பிடாத நாளாவே வருது. ரித்திக் அந்த வாரம் சேர்ந்தது தற்செயல்."

ரித்திக் நீளமாக மூச்சு விட்டான். கதிரேசன் அவன் பக்கம் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். தப்பு தப்புதான்; ஆனாலும் அதைச் சின்னப் பையனிடம் ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

"ஆனா பாட்டில் தினமும் திறக்குதே," என்றார் டாக்டர். "அப்ப மிச்சம்? குப்பையிலயா?"

"தூக்கிப் போடுறவங்க முறை வச்சுப் போட மாட்டாங்க டாக்டர். கசந்தா போடுவாங்க, பயந்தா போடுவாங்க, நாலு நாள் சேர்ந்தாப்பல போடுவாங்க. ஒருநாள் எனக்கு, ஒருநாள் உனக்குன்னு முறை வைக்கிறது பங்கு போடுறவங்கதான். அனிதா, அந்தப் பிளாஸ்திரியைக் கொஞ்சம் எடுங்கம்மா."

அனிதா குழப்பத்துடன் எடுத்தார். பத்து விரல் நுனியிலும் தோல் உரிந்திருந்தது.

"ஊசி குத்தினா ஒண்ணு ரெண்டு விரல்லதான் குத்தும், பத்து விரல்லயும் குத்தாது," என்றார் குணமணி. "இவங்களுக்கு ஆகஸ்டுக்குப் பிறகு எந்த மருந்தும் கிடையாது. அப்ப இந்தத் தோல் எப்படி உரிஞ்சது?"

சரஸ்வதி தலையைக் குனியவில்லை. "நான்தான் கொடுத்தேன். அவளுக்கு இல்லைன்னு சொல்லிட்டீங்க. நான் மட்டும் முழுங்கிட்டு அவ சாகிறதைப் பார்த்துக்கிட்டு இருக்கணுமா?"

"ரெண்டு பேருக்கும் பாதி உயிர் கொடுக்கலாம்னு நினைச்சீங்க," என்றார் குணமணி. அவர் குரல் உயரவில்லை, இளகவும் இல்லை. "இந்த மருந்து பாதிக்குப் பாதி வேலை செய்யாது. டாக்டர், சரஸ்வதியோட ஸ்கேனைச் சொல்லுங்க."

"கட்டி நாலு மில்லிமீட்டர் வளர்ந்திருக்கு," என்றார் டாக்டர் மெதுவாக.

அனிதா எழுந்து நின்றார். "அண்ணி, டாக்டர் மனசு மாறி எனக்கும் கொடுத்திருக்கார்னு சொன்னீங்க. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் என் அளவுன்னு சொன்னீங்க. வெளியே சொல்லாதேன்னீங்க. அது உங்க மாத்திரையா?" குரல் உடைந்து உயர்ந்தது. "உங்களை யாரு கேட்டா? உங்க உயிரைக் கொடுங்கன்னு நான் கேட்டேனா? நாலு மாசமா என்னைத் திருடியாக்கி வச்சிருக்கீங்களே!" அவர் மேசையை ஓங்கி அறைந்தார். பேனா உருண்டு கீழே விழுந்தது. அழுதுகொண்டே கத்தினார், கத்திக்கொண்டே அழுதார்.

டாக்டரின் கண் தன்னையறியாமல் அனிதாவின் பழைய கோப்புப் பக்கம் போனது. குணமணி அதைப் பார்த்துவிட்டார்.

"எழுதாதீங்க டாக்டர். இது கோளாறு இல்லை. இதுக்குப் பேரு கோபம். இந்த இடத்துல கோபம் வராட்டாத்தான் நான் கவலைப்படுவேன்." அவர் கோப்பைத் திறந்து தேதியைக் காட்டினார். "ஆளுமைக் கோளாறுன்னா அது இளவயசுலேருந்து கூடவே வரும். வீட்டுலயும் வேலையிலயும் வருஷக்கணக்காத் தெரியும். ஒரு புதன்கிழமை காலையில வந்துட்டுப் போகாது. கீமோ ஊசியோட ஸ்டீராய்டு கொடுப்பீங்க. அது தூக்கத்தைக் கெடுக்கும், சிலருக்குச் சிரிப்பும் அழுகையும் கோபமும் மாறி மாறி வரும். மறுநாளே உங்க ஆள் கேள்வித்தாளை நீட்டியிருக்கார். கூட வாழ்றவங்களை ஒரு வார்த்தை கேட்கலை. நீங்க அளந்தது ஸ்டீராய்டை."

டாக்டர் குனிந்து பேனாவை எடுத்தார், ஆனால் எழுதவில்லை.

"விதிப்படி சரஸ்வதி இனி ஆய்வுல இருக்க முடியாது," என்றார்.

"கணக்கிலேருந்து எடுங்க. மருந்தை எடுக்காதீங்க. அவங்க செஞ்சது தப்பு, பெரிய தப்பு. ஆனா முதல் தப்பு இந்தக் கோப்புல இருக்கு. ரெண்டையும் குழுகிட்ட நான் சொல்லுவேன். நீங்களும் சொல்லணும்."

டாக்டர் கோப்பை மூடிவிட்டு அனிதாவின் பக்கம் திரும்பினார். "சொல்றேன்," என்றார். "அனிதா, உங்களை மறுபடி முறையா சோதிப்போம். இடம் கிடைக்கும்னு இப்ப உறுதி சொல்ல முடியாது. ஆனா அந்தத் தீர்ப்பு இன்னையோட செல்லாது."

திங்கட்கிழமை குழு மூன்று மணி நேரம் உட்கார்ந்தது. குணமணி உள்ளே இருந்த நேரம் முழுவதும் கதிரேசன் தாழ்வாரத்தில் நடந்தார். நடுவில் ரித்திக்குக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தார். எதற்கென்று அவரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. ஆய்வுக்கு வெளியே சரஸ்வதிக்கு மாத்திரை தொடரலாம் என்று முடிவானது. அனிதாவின் மறுசோதனைக்கு ஜனவரியில் தேதி குறித்தார்கள்.

மறுநாள் காலை ஆய்வுக்கூடத்தில் ரித்திக் புது மாத்திரைப் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தான். சரஸ்வதி கை நீட்டுவதற்குள் அனிதா அதை எடுத்துவிட்டார். மூன்று நாளாக அண்ணியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போதும் முகம் இறுகித்தான் இருந்தது. ஒரு மாத்திரையை எடுத்துச் சரஸ்வதியின் உள்ளங்கையில் வைத்து, தண்ணீரை நீட்டினார்.

சரஸ்வதி விழுங்கினார். "போதுமாடி?"

"வாயைத் திறங்க."

"அனிதா, எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். திறங்க அண்ணி. நாக்கைத் தூக்குங்க."

சரஸ்வதி நாக்கைத் தூக்கிக் காட்டினார்.