மூன்றாம் நாள் தலைக்குளியல்

வீட்டை இரண்டு முறை கழுவிவிட்ட பிறகும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குளியலறைப் பக்கமிருந்து அந்த வாடை வந்தது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தவளைகள் மிதந்த ஜாடியைத் திறந்தால் கண்ணைக் கரிக்குமே, அந்த ஃபார்மலின் வாடை. வேதகிரி பாயில் அசையாமல் கிடந்தான்.

வியாழக்கிழமை காஞ்சிபுரம் பார்லரில் முடியை நேராக்கிக்கொண்டு வந்தபோது, மனைவி கனகாவின் தலையிலும் அதே வாடைதான். சொன்னான்.

“தவக்களையாய்யா நானு? தங்கச்சி கல்யாணத்துல பாரு, பொண்ண வுட்டுட்டு என்னத்தான் பாக்கப்போறாங்க.”

பார்லர்க்காரி சொன்னதை ஒப்பித்தாள். மூன்று நாள் தலையில் தண்ணீர் படக்கூடாது. கட்டக்கூடாது. காதோரம் ஒதுக்கவும் கூடாது. மடிந்தால் மடிந்தபடியே நின்றுவிடும்.

“ஞாயித்துக்கெயம நீதான் ஊத்தணும்.”

“ஊத்தறேன்.”

வெள்ளிக்கிழமை காலை மோட்டார் சுவிட்சில் கரண்ட் அடித்துச் செத்துப்போனாள்.

குளிப்பாட்டும்போது சொந்தக்காரர்கள் எண்ணெயும் சீயக்காயும் தலையில் வைக்க வரிசையாக வந்தார்கள். அவன் குறுக்கே நின்றான்.

“தலைக்கு வேணாம். மூணு நாள் ஆவல.”

“இன்னா நைனா பேசற?” என்றாள் மாமியார் சிட்டம்மாள். “தல நனையாம அனுப்பினா வூட்டுக்குத்தான் திரும்பி வரும்.”

அவன் நகரவில்லை. கழுத்துக்குக் கீழே மட்டும் ஊற்றினார்கள். குழியில் இறக்கியபோது முடி தலைக்கடியில் மடிந்து சிக்கியதைப் பார்த்தான். எடுத்துவிடத் தோன்றவில்லை. மண்ணைத் தள்ளினான்.

மோட்டாரின் பியூஸை அன்றே பிடுங்கியாயிற்று. தொட்டி காய்ந்து கிடக்கிறது. ஆனாலும் இப்போது குளியலறையில் பக்கெட் நிறைந்துகொண்டிருந்தது, முதலில் பிளாஸ்டிக்கில் சடசடவென்று, பிறகு கனத்த ஒலியாக, பிறகு தரையில் வழிந்தோடும் மெல்லிய சத்தமாக.

நின்றது.

மக் தரையில் உரசியது.

இந்த மூன்று நாளில் அவனுக்கு ஒரு முறைகூட அழுகை வரவில்லை. இப்போது பயமும் சரியாக வரவில்லை. எழுந்து போனான்.

கதவு திறந்திருந்தது.

முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கழுத்துக்குக் கீழே ஒரு துளி மண் இல்லை. தலை முழுக்கச் செம்மண்.

“மூணு நாள் ஆச்சிய்யா.”

மக்கை எடுத்தான். ஊற்றினான். மண் கரைந்தது. வாடை ஏறியது. முடி நனைந்து கறுத்தது. தொங்கவில்லை. பிடரிக்குக் கீழே மடிந்து, மேல்நோக்கித் திரும்பி, குழியில் கிடந்தபடியே விறைத்து நின்றது.

“நேரா கீதா?”

“கீது.”

தடவிப் பார்க்க அவள் கை மெல்லப் பின்னால் வந்தது.