பூசிப் பார்க்கிற லிப்ஸ்டிக்

சாம்பிள் லிப்ஸ்டிக்கின் நுனியில் தோல் ஒட்டியிருந்தது. வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாக ஒரு துண்டு. செல்வம்மாள் அதை நகத்தால் சுரண்டிச் சேலை ஓரத்தில் துடைத்தாள். காலையிலும் இப்படித்தான் ஒரு துண்டை எடுத்துப் போட்டிருந்தாள்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த அந்தப் பேன்சி கடையில் அவள் சேர்ந்து ஐந்து மாதம். அதுவரை சுண்ணாம்புக்கல் குழியில் கல் உடைத்தவள். இங்கே வெயில் இல்லை, தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறது. அதனால்தான் போன வாரம் கீழுதட்டின் வலப்பக்கம் கொப்புளம் கிளம்பியபோது யாரிடமும் மூச்சு விடவில்லை. "நீ பூசிக்கிட்டு நின்னாத்தான் வாங்குவாளுங்க" என்பார் முதலாளி குருநாதன். சாம்பிளை எடுத்துப் புண்ணின் மேல் கனமாக அப்பிக்கொண்டாள். அடுத்து வந்தவர்களும் அதையேதான் உதட்டில் தேய்த்துப் பார்த்தார்கள். செந்துறைக்காரி ஒருத்தி. ஏலாக்குறிச்சி கோயிலுக்குப் போகிற தாயும் மகளும். இன்னும் யார் யாரோ. ஒவ்வொருத்தி பூசும்போதும் செல்வம்மாள் வளையல் அடுக்குகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் மழை பிடித்தது, கரண்டும் போயிற்று. குருநாதன் கல்லாமேல் மெழுகுவத்தியை நட்டார். பவுடர் வாசனைக்கும் ஈரச் சேலை வாடைக்கும் அடியில், கட்டுப் பிரிக்காத புண்ணின் நாற்றம் ஒன்று மெல்லக் கசிந்து வந்தது. மழைக்கு ஒதுங்குகிறவர்கள்போல் பெண்கள் ஒவ்வொருத்தராக ஏறி வந்து சுவரோரம் நின்றார்கள். எல்லாரும் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார்கள். அதில் ஒருத்தி அந்தச் செந்துறைக்காரி.

"என்னங்க வேணும்?"

அவளையே பார்த்தார்கள். குருநாதன் அவர்கள் பக்கம் நிமிரக்கூட இல்லை.

"அக்கா" என்று குடையை உதறிக்கொண்டு வந்தாள் தங்கை புஷ்பவல்லி. வியாழக்கிழமை அவளுக்குக் கல்யாணம். "மாப்ள வூட்டுல கலர் போட்டோ எடுக்கறாங்களாம். உதட்டுக்குப் போட்டாத்தான் எடுப்பா இருக்குமாம். அதக் குடு, பூசிப் பாக்கறேன்."

"புதுசு பிரிச்சுத் தரேன்டி."

"சாம்பிளு எதுக்கு இருக்கு?" குருநாதன் சிரித்தார். "கூடப் பொறந்தவளுக்கே குடுக்க மனசு வரல பாரு."

பூசாதடி. ஒரே சொல். சொன்னால் முதலாளி ஏன் என்பார். புண்ணைக் காட்ட வேண்டும். இதோடு எத்தனை பேருக்குக் கொடுத்தாய் என்பார். தங்கைக்கு முன்னால் கேட்பார். முகம் காந்தியது.

அவள் கையே அதை எடுத்து நீட்டியது.

புஷ்பவல்லி கண்ணாடிப் பக்கம் குனிந்தாள். மேலுதடு. கீழுதடு. வலப்பக்கம் இன்னொரு முறை.

சுவரோரம் முந்தானைகள் இறங்கின.

முகங்கள் வேறு வேறு. வாய் ஒன்றே. தடித்த கீழுதடு. வலப்பக்கம் அதே புண். செல்வம்மாளின் வாய்.

"நல்லாருக்காக்கா?"

தங்கை திரும்பினாள். அவள் முகத்திலும் அது.

வாய்கள் ஒன்றாகத் திறந்தன. செல்வம்மாளின் குரலிலேயே, மெதுவாக.

"பூசாதடி."

"பூசாதடி."

அவள் கத்தப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. கை முகத்துக்குப் போயிற்று. மூக்குக்குக் கீழே தடவினாள். மறுபடி தடவினாள்.

மோவாய் வரைக்கும் வழவழவென்று வெறும் தோல்.