நாற்பதும் நாற்பத்தொன்றும்

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு பாக்கியநாதன் போலீஸ் ஸ்டேஷனுக்குத் திரும்பிய அந்தியில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ரிக்‌ஷாவை விட்டு இறங்கியபோதே இடது தோள் விண்ணென்று தெறித்தது. கழுத்தடியிலிருந்து முழங்கை வரை பாராங் கத்தி இழுத்த வெட்டு. ஆயுசு கெட்டி என்று டாக்டர் வியந்தாராம். ஆயுசு மட்டுமா கெட்டி? வன்மமும்தான். அதற்கு அவர் கட்டுப் போடவில்லை.

அந்த ஸ்டேஷன் ஒரு காலத்தில் யாரோ சீன வியாபாரியின் வீடு. கூரை திறந்த நடுமுற்றத்தில் மழை நேராக உள்ளே விழும். சுவர் முழுக்கப் பாசி. பகலிலேயே அரையிருட்டாக இருக்கும் இடம், அந்தியில் கேட்கவே வேண்டாம்.

"வா பாக்கியம்" என்று கார்ப்பரல் பெர்னார்ட் எதிரே வந்தார். "கை எப்படி இருக்கு?"

"இருக்கு ஐயா."

"அன்னைக்கு நடந்தது ஏதாவது ஞாபகம் வருதா?"

"ஒண்ணும் இல்லை ஐயா."

கார்ப்பரல் சிரித்தார். பாக்கியநாதனும் சிரித்து வைத்தான். உள்ளே கொதித்தது.

எல்லாமே ஞாபகம் இருந்தது. ஜெலுத்தோங் கடற்கரையில் படகு அணையும் பழைய பலகைப் பாலத்தடியில் கள்ளச் சண்டு, அதுதான் அபின், இறங்கப் போகிறது, போய்ப் பதுங்கியிருங்கள் என்று அவனையும் கூட்டாளி கான்ஸ்டபிள் சீனி முகம்மதுவையும் அனுப்பியவர் இதே பெர்னார்ட்தான். கடத்தல்காரர்களிடம் அவர் காசு வாங்குவது இருவருக்கும் தெரியும்; அவர்களுக்குத் தெரிந்ததை அவர் அறிந்துகொண்டார் என்பதுதான் தெரியாது. படகிலிருந்து அபின் இறங்கவில்லை. பாராங்கோடு மூன்று பேர் இறங்கினார்கள். சீனி முகம்மது அங்கேயே முடிந்தான். பாக்கியநாதன் சேற்றில் முகம் புதைந்து பிணம்போலக் கிடந்தான். அப்போதுதான் தலைக்கு மேலே பலகையில் பூட்ஸ் சத்தம் வந்து நின்றது. 'ரெண்டு பேரும் முடிஞ்சாங்களா?' என்று ஒரு குரல் கேட்டது. பெர்னார்டின் குரல்; அந்தக் குரலோடு சேர்ந்து ஞாயிறுதோறும் மாதாகோயிலில் ஜெபம் சொன்னவன் பாக்கியநாதன்.

கார்ப்பரலுக்கு எதிராக ஒரு கான்ஸ்டபிளின் சொல் எங்கே எடுபடும்? பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்திருந்தான்.

முற்றத்தைச் சுற்றிய நடையில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அங்கே யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. நம்பர்தான். கார்ப்பரல் நம்பரைச் சொன்னால் 'ஹாடிர்' என்று மலாய் மொழியில் குரல் கொடுக்க வேண்டும். வந்திருக்கிறேன் என்று அர்த்தம். பாக்கியநாதன் நாற்பது. சீனி முகம்மது நாற்பத்தொன்று. ஆறு வருஷமாக இரண்டு பேரையும் பிரித்து எங்கும் அனுப்பியதில்லை. அவர்களுடைய நம்பர்கள் கார்ப்பரல் வாயில் ஒரே மூச்சில்தான் வரும்.

அன்றும் அப்படித்தான் வந்தது.

"நாப்பது, நாப்பத்தொண்ணு. ஜெலுத்தோங் பாலம்."

கார்ப்பரலின் நாக்கு அப்படியே நின்றது. பழக்கதோஷம். செத்தவனுக்கு டியூட்டி போட்டுவிட்டார்.

ஆறாத கையோடு தன்னை அதே பாலத்துக்கு ஏன் அனுப்புகிறார் என்பது பாக்கியநாதனுக்கு உடனே விளங்கியது. அன்றைக்கு மிச்சம் வைத்ததை இன்றைக்கு முடிக்கப் போகிறார்.

"ஹாடிர்" என்றான்.

"ஹாடிர்."

இரண்டாவது குரல் அவனுடைய இடது பக்கத்திலிருந்து வந்தது. அங்கே யாரும் இல்லை.

மழைச் சத்தத்துக்கு நடுவே கடல்சேற்றின் வாடை அடித்தது. கூடவே கிராம்பு. பல்வலிக்காரன் சீனி முகம்மது, எந்நேரமும் கடைவாயில் கிராம்பை அடக்கியிருப்பான்.

வலப்பக்கம் நின்ற ஷேக் அலாவுதீன், ஸ்டேஷனிலேயே மூத்தவர், உதடு அசையாமல் கேட்டார். "தம்பி, நீ கேட்டியா?"

"கேட்டேன் அண்ணே."

"அவரே கூப்பிட்டாருலா. வராம இருப்பானா?"

பெர்னார்டின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஆனால் போட்ட டியூட்டியை எல்லார் முன்னாலும் மாற்றவும் வழியில்லை.

ஜெலுத்தோங் போய்ச் சேர்ந்தபோது மழை தணிந்து, மேற்கே கொஞ்சம் வெளிச்சம் பாக்கி இருந்தது. தண்ணீர் வடிந்து, பாலத்தடியில் சேறு மினுங்கியது. வழி நெடுக இன்னொரு ஜோடி பூட்ஸ் சத்தம் அவனோடு சேர்ந்து நடந்து வந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பயம் இல்லாமல் இல்லை. பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் லாந்தரோடு பெர்னார்ட் வந்தார். தனியாகத்தான் வந்தார். வலது கை மழைக்கோட்டுக்குள் இருந்தது.

"என்ன பாக்கியம், தனியா நிக்கப் பயமா இருக்கா?"

"தனியா இல்லையே ஐயா. நீங்கதானே ரெண்டு பேரைப் போட்டீங்க."

பெர்னார்ட் லாந்தரைப் பலகையில் வைத்தார்.

"அன்னைக்கு நீ என்னத்தக் கேட்ட?"

"உங்க குரலை."

கோட்டுக்குள்ளிருந்து பாராங் வெளியே வந்தது. பாக்கியநாதன் பின்வாங்கினான். கடலுக்குள் நீண்ட பாலம் அங்கேயே முடிந்தது. கட்டுப் போட்ட தோளோடு, இடுப்புத் தடியை வலது கையால் உருவக்கூட நேரம் இல்லை.

பாராங் உயர்ந்தது.

இறங்கவில்லை.

பெர்னார்டின் மணிக்கட்டில் ஐந்து சேற்று விரல்கள் பதிந்திருந்தன. விரல்கள் மட்டும்தான் தெரிந்தன.

"விடச் சொல்லு பாக்கியம்" என்று அவர் கிசுகிசுத்தார். "மாதா பேரால கேக்குறேன், விடச் சொல்லு."

பாக்கியநாதன் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குக் கூட்டாளி சேற்றில் கிடந்து மூச்சுக்குத் திணறியது மறுபடி காதில் கேட்டது. எதிரே நின்ற பாவியை மனசார வெறுத்தான்.

கிராம்பு வாடை குப்பென்று அடித்தது. சேற்று விரல்கள் அவரைப் பாலத்து விளிம்புக்கு அப்பால் இழுத்தன.

பெர்னார்ட் அலறவில்லை. தண்ணீர் தெறிக்கவும் இல்லை. சேறு ஒரு தரம் வாயைத் திறந்து மூடியது.

பலகையில் லாந்தர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பாக்கியநாதன் அப்படியே உட்கார்ந்து அழுதான். பிழைத்துவிட்டான்.

"போதும் முகம்மது" என்றான் கடைசியில். "டியூட்டி முடிஞ்சது. போய்ப் படு."

கிராம்பு வாடை அகலவில்லை. டியூட்டிக்குக் கூப்பிட்டவர்தான் 'போகலாம்' என்று சொல்ல வேண்டும். கூப்பிட்டவரோ சேற்றுக்கடியில் கிடந்தார்.

பூட்ஸ் சத்தம் மறுபடி கிளம்பியது. ஸ்டேஷன் பக்கம் போகவில்லை. கரையேறி, பாராங்காரர்கள் மூன்று பேரும் குடியிருந்த கம்பத்துக் குடிசைகளை நோக்கி நிதானமாக நடந்தது. அவனைக் கூப்பிட்டு நிறுத்தலாமா என்று பாக்கியநாதன் ஒரு கணம் யோசித்தான். நிறுத்தவில்லை.

கம்பத்தில் நாய்கள் குரைத்தன. பிறகு ஒன்றாகக் குரைப்பை நிறுத்தின.

முதல் வீட்டில் விளக்கு அணைந்தது.