ஆலைக்கு வந்த வகுப்பு

"ஞாயிற்றுக்கிழமையும் வேலையோ? அவன் படிக்கப் போறான்... நீ ஊர் சுத்தப் போறாய். கேக்க ஆளில்லை எண்ட நினைப்பு!"

கையில் அகப்பையோடு குசினி வாசலில் நின்று விமலேஸ்வரி கத்தினாள். மருமகள் சிவதர்சினி சாப்பாட்டுப் பெட்டியைப் பைக்குள் வைத்தாள். கணவன் கிருபன் காதில் விழாதவன்போலச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தான். வழங்கல் சங்கிலி முகாமைத்துவத்தில் பகுதிநேர முதுமாணிப் படிப்பு அவனுக்கு. வார இறுதியில் வகுப்பு. செலவைத் தான் வேலை செய்யும் கந்தோர் தருகிறது என்று தாயிடம் சொல்லிவைத்திருந்தான். உண்மையில் கட்டியது தர்சினி, அரிசி ஆலையில் மூட்டை தைத்து. "அம்மாவுக்குத் தெரிஞ்சா எனக்கு மரியாதையில்லை" என்று அவன் கெஞ்சியதால் அவளும் வாய் திறக்கவில்லை. மலையகத்திலிருந்து வந்து ஜெயபுரத்தில் குடியேறிய குடும்பத்துப் பெண் என்று மாமி ஏற்கெனவே முகம் சுளித்தவள்.

அன்று கிருபனின் வகுப்பு பஸ்ஸில் பார்க்கப் போன களஞ்சியம் பூட்டியிருந்தது. விரிவுரையாளர் பஸ்ஸைத் தர்சினி வேலை செய்யும் ஆலைக்குத் திருப்பினார். வயலிலிருந்து கடைவரை அரிசி எங்கெங்கே தேங்கி நிற்கிறது என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, தர்சினி தேநீர்த் தட்டோடு வந்தாள். தலையெல்லாம் உமித்தூசி. கூட்டத்துக்குள் கணவனைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அந்த அக்கா உங்களைப் பாத்துச் சிரிக்கிறா... தெரிஞ்சவவோ?" கூடப் படிக்கும் லக்சிகா கேட்டாள்.

"இல்லை... எங்கயாவது கண்டிருப்பா."

கோப்பையை எடுத்த கிருபன், நிமிராமலே சொன்னான்: "தாங்ஸ் அக்கா."

அக்கா! அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. ஏதோ தான் தப்புச் செய்துவிட்டவள்போல மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒதுங்கினாள். பஸ் புறப்படும்வரை வெளியே வரவில்லை.

மாலையில் அவள் படலையைத் திறந்ததுமே மாமி தொடங்கினாள். "வந்திட்டா மகாராணி..."

"நிப்பாட்டுங்கோ அம்மா!" கிருபனின் குரல் உடைந்தது. "என்ர படிப்புக்குக் கட்டுறது கந்தோரில்லை... இவதான். மூட்டை தைச்சுக் கட்டுறா. இண்டைக்கு எல்லாருக்கும் முன்னால இவவைத் தெரியாதெண்டு சொல்லிப்போட்டன்... அக்கா எண்டு கூப்பிட்டிட்டன் அம்மா!"

விமலேஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "கட்டினவளையோடா...?"

தர்சினி அழவில்லை. "தூசியோட நிண்டது எனக்கு வெக்கமில்லை. நீங்கள் வெக்கப்பட்டதைப் பாத்ததுதான்... நாளைக்கு எங்கட அம்மாவிட்டப் போறன்."

கிருபன் போனை எடுத்து லக்சிகாவுக்கு அழைத்தான். "தங்கச்சி... ஆலையில தேத்தண்ணி தந்தவ என்ர மனுசி. நான் பொய் சொன்னனான்."

மறுமுனை, "அவவிட்ட மன்னிப்புக் கேட்டனீங்களோ அண்ணா?" என்றது.

அவன் தலை குனிந்தது. "என்னை மன்னியும் தர்சினி..."

விமலேஸ்வரி மருமகளின் கைகளைப் பிடித்தாள். ஊசி குத்திக் காய்த்த விரல்கள். "இவ்வளவு பேச்சையும் எப்பிடிப் பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தனீ?"

அப்போதுதான் தர்சினிக்கு அழுகை வெடித்தது. மாமியின் தோளில் சாய்ந்து விம்மினாள். "போயிட்டு வருவன் மாமி... கொஞ்ச நாள் என்னை விடுங்கோ."

மறுநாள் பஸ் தரிப்பிடத்துக்கு மூவரும் போனார்கள். பக்கத்தில் நின்ற ஒருத்தி, "ஆர் இந்தப் பிள்ளை?" என்று கேட்டாள்.

விமலேஸ்வரி வாயெடுக்குமுன் கிருபன் முந்திக்கொண்டான். "என்ர மனுசி. ஆலையில வேலை செய்யிறா. இவதான் என்னைப் படிப்பிக்கிறா."

தர்சினி திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸில் ஏறினாள். யன்னலோரம் உட்கார்ந்த பிறகு மெதுவாக அவனைப் பார்த்துத் தலையசைத்தாள்.